ஜெர்மன் படிக்க ஆங்கிலம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இப்போதெல்லாம் ஜெர்மனி அடிக்கடி தலைகாட்டுகிறது. செவிலியர்கள், மருத்துவர்கள், ஐடி ஊழியர்கள், பிளஸ் டூ முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் என்று கிளம்புகிறவர்கள் பலர். ஊரெங்கும் ‘90 நாளில் பி1 உறுதி’ என்ற விளம்பரப் பலகைகளும் முளைத்துவிட்டன. ஜெர்மன் கற்பிப்பதே தொழிலாக உள்ள எங்களுக்கு இதில் இரண்டு குறை. முதலாவது அந்த 90 நாள் கணக்கு. இரண்டாவதுதான் பெரிது: தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் ஆங்கிலத்தின் தோளில் ஏற்றித்தான் சொல்லித்தரப்படுகிறது. தமிழ் தெரிந்தவருக்கு அது சுற்றுவழி. பல இடங்களில் பிழையில் கொண்டுபோய் விடுகிற வழி.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் ஆறு படிகள். ஒன்றும் தெரியாதவர் பி1 தேர்வுக்குத் தயாராக 350 முதல் 650 பாடவேளைகள் வேண்டும் என்பது ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு பாடவேளை 45 நிமிடம். நடுவாக 500 என்று வைத்தால் 375 மணி நேரம் வருகிறது. 90 நாளில் முடிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு. வீட்டுப்பாடம் அதற்கு வெளியே. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள் படிப்பவருக்கு ஒன்பது மாதம் ஆகும். சொற்களின் கணக்கும் இதையே சொல்கிறது. ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650, ஏ2வில் சுமார் 1,300, பி1ல் சுமார் 2,400. இதை 90 நாளில் வகுத்தால் தினம் 27 புதுச் சொற்கள், அதிலும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பாலும் பன்மையும் சேர்த்து. முழுநேரமாக உட்கார்ந்து செய்பவர் செய்வார். விளம்பரம் அந்த ‘முழுநேரம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். கீழே ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அது செய்தித்தாளுக்காக. மாணவர்கள் தங்கள் நோட்டில் இப்படி எழுதக் கூடாது. காரணம் பிறகு சொல்கிறோம்.

குளிர்காலத்தில் போய் இறங்கியதும் முதலில் சொல்ல வேண்டி வருவது ‘குளிருது’. ஆங்கில வழியில் படித்தவர் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்ற அமைப்பில் ‘இஹ் பின் கல்ட்’ என்பார். அது ‘நான் ஈவிரக்கமில்லாதவன்’ என்ற பக்கம் சாய்கிறது. வெயில் காலத்தில் அதே அச்சில் ‘இஹ் பின் ஹைஸ்’ என்றால் எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். அது உடல் இச்சையைக் குறிக்கிற பேச்சு. சரியான ஜெர்மன் ‘மீர் இஸ்ட் கல்ட்’. ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. எனக்குக் குளிருது. நாலாம் வேற்றுமை, நாம் தினமும் பேசுகிற அதே ‘கு’ உருபு. எனக்குத் தலை வலிக்குது என்பது ‘மீர் டூட் டேர் கொப்ஃப் வே’. எனக்குக் குமட்டுது என்பது ‘மீர் இஸ்ட் ஷ்லெஹ்ட்’. இது எனக்குச் சொந்தம், இந்தச் சட்டை எனக்குச் சரியா இருக்கு, சாப்பாடு எனக்குப் பிடிச்சிருக்கு என எல்லாவற்றிலும் ஜெர்மன் ‘மீர்’ என்றுதான் தொடங்கும் அல்லது முடியும். உதவி செய்வதும் அப்படியே. தமிழில் ‘உனக்கு உதவுகிறேன்’. ஜெர்மனில் ‘இஹ் ஹெல்ஃபெ டீர்’, அதாவது உனக்கு. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை. அதனால் அந்த வழியில் வந்தவர் ‘டிஹ்’, அதாவது ‘உன்னை’ என்று சொல்லி மதிப்பெண் இழக்கிறார். பதில் சொல்வதும் நன்றி சொல்வதும்கூட ஜெர்மனில் ‘உனக்கு’த்தான்.

வாக்கிய வரிசையைப் பாருங்கள். ‘நான் நாளைக்கு பஸ்ல கொலோனுக்குப் போறேன்.’ எப்போது, எதில், எங்கே. ஜெர்மனில் ‘இஹ் ஃபாரெ மோர்கன் மிட் டேம் புஸ் நாஹ் கோல்ன்’. வினை மட்டும் முன்னால் ஏறி இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது; மற்றபடி நாளைக்கு, பஸ்ல, கொலோனுக்கு என்று நம் வரிசைதான். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: எங்கே, எதில், எப்போது. வாக்கியத்துக்குள் வாக்கியம் வந்தால் அந்த வினையும் கடைசிக்குப் போய்விடும். ‘உடம்பு சரியில்லாததால்’ என்பதற்கு ‘வைல் இஹ் க்ராங்க் பின்’. ‘பின்’ என்ற வினை கடைசியில். ஆங்கிலத்தில் யோசிப்பவர் ‘வைல் இஹ் பின் க்ராங்க்’ என்று எழுதுவார். ஜெர்மானியர்களே பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு என்றாலும் தேர்வுத்தாளில் அது பிழை. வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்று தாய்ப்பாலோடு பழகிய பிள்ளைக்கு, வினையை முன்னால் வைக்கிற மொழி வழியாக இதைச் சொல்லிக் கொடுத்து, ‘ஜெர்மன் ரொம்பக் கஷ்டம்’ என்று நாமே பயமுறுத்துகிறோம்.

ஒரு துண்டு பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் வினைகளிலும், கடைசிவரை வினைக்குக் காத்திருக்கும் நம் பழக்கம் கைகொடுக்கும். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் ‘டேர் ட்ஸூக் ஃபெல்ட் ஹாய்டெ அவுஸ்’ என்று வரும். ‘ஃபெல்ட்’ மட்டும் காதில் விழுந்தால் ‘விழுகிறது’ என்று பொருள் தோன்றும். கடைசியில் வருகிற ‘அவுஸ்’தான் அதை ‘இன்றைக்கு ரயில் ரத்து’ ஆக்குகிறது. அந்தக் கடைசி அசை வருவதற்குள் மனசுக்குள் மொழிபெயர்க்க ஆரம்பிப்பவர் நடைமேடையில் நின்றுகொண்டே இருப்பார்.

நீண்ட சொற்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நம் தொகைச் சொல் போலவே அதிலும் கடைசித் துண்டுதான் தலைச்சொல். ‘க்ராங்கன்-ஃபெர்ஸிஹெருங்ஸ்-கார்டெ’ என்பது நோயர்-காப்பீட்டு-அட்டை. துண்டுகளின் வரிசைகூட மாறவில்லை. பால் எது என்பதையும் கடைசித் துண்டே தீர்மானிக்கும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொன்னால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும். காலை வாரும் இடங்கள் உண்டு. ‘உனக்கு போன் பண்றேன்’ என்பது நம் பேச்சு. ஜெர்மனில் ‘உன்னை’: ‘இஹ் ரூஃபெ டிஹ் அன்’. ‘உன்கிட்ட கேட்கிறேன்’ என்பதும் அங்கே ‘உன்னைக் கேட்கிறேன்’ ஆகும். ‘உன்னை நம்புறேன்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘உனக்கு’ என்று மாற்றிவிடுவார்கள். இப்படிப்பட்டவை சில டஜன்தான் இருக்கும். வகுப்பறைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடலாம்.

அதைவிட வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘சமையலறையில்’ என்பது ‘இன் டேர் க்யூஹெ’, ‘சமையலறைக்கு(ள்)’ என்பது ‘இன் டீ க்யூஹெ’. எங்கே என்ற கேள்விக்கு ஒன்று, எங்கு நோக்கி என்ற கேள்விக்கு வேறொன்று. இந்தப் பாகுபாடு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் உருபு திசை மாறுகிறது. நாம் ‘கு’ போடும் இடத்தில் ஜெர்மன் இரண்டாம் வேற்றுமையைப் போடும். ‘இல்’ போடும் இடத்தில் ‘மீர்’ வகை வேற்றுமையைப் போடும். ‘எனக்கு’ என்றால் ‘மீர்’ என்று இப்போதுதான் சந்தோஷமாகப் படித்த மாணவர், வீட்டுக்கு, கடைக்கு, அறைக்கு என எல்லா ‘கு’வுக்கும் அதையே போட்டுவிடுவார். அடுத்து ‘மேல்’. ‘மேசைமேல் இருக்கு’, ‘மேசைமேல் வை’ என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஜெர்மனில் முதலாவது ‘அவுஃப் டேம் டிஷ்’, இரண்டாவது ‘அவுஃப் டேன் டிஷ்’. இப்படி இரு வேற்றுமை ஏற்கும் முன்னிடைச்சொற்கள் ஒன்பது. அவற்றை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ‘இருக்கு, வை’ என்ற இணையாகவே பழக வேண்டும். ஒரு டம்ளரையும் ஒரு மேசையையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வைப்பதும் எடுப்பதுமாகச் சொல்லிப் பார்த்தால் பயிற்சிப் புத்தகத்தில் பத்துப் பக்கம் செய்ததைவிட அதிகம் நிற்கும்.

பால் பாகுபாட்டில் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. மேசை ஆண் (‘டேர்’), விளக்கு பெண் (‘டீ’), புத்தகம் இரண்டுமில்லாத நடுப்பால் (‘டஸ்’). ஒரே ஒரு ஆறுதல்: ‘குழந்தை அழுகிறது’ என்று நாம் அஃறிணையில் சொல்வதுபோல அங்கேயும் குழந்தை ‘டஸ்’தான். சில விகுதிகள் காப்பாற்றும். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷஃப்ட்’ என்று முடிந்தால் ‘டீ’. ‘ஹென்’ என்று சுருக்க விகுதி வந்தால் ‘டஸ்’. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஹென்’ நடுப்பாலாக இருப்பதற்குக் காரணம் அந்த விகுதிதான். ஜெர்மானியர்கள் சிறுமிகளைப் பொருளாக நினைக்கிறார்கள் என்று வகுப்பில் வரும் நகைச்சுவையில் உண்மை இல்லை. மற்ற சொற்களுக்கு மனப்பாடம் தவிர வழியில்லை. சொல்லைத் தனியாக எழுதாமல் ‘டேர், டீ, டஸ்’ சேர்த்து, பன்மையும் சேர்த்து, மூன்று நிற மையில் எழுத வேண்டும். பால் தவறினால் பிழை ஒன்றோடு நிற்காது. வேற்றுமையும் அதைத் தொட்டு வருகிற பெயரடையும் சேர்ந்து தவறும். ஏ1லேயே இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பி2வில் வந்து முட்டி நிற்கிறார்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். குறில் நெடில் நமக்குப் பிறவிச் சொத்து; ஜெர்மனில் அது பொருளையே மாற்றும். ‘மீடெ’ என்றால் வாடகை, ‘மிட்டெ’ என்றால் நடு. ‘ஓஃபன்’ அடுப்பு, ‘ஒஃபன்’ திறந்திருப்பது. இங்கே நம் மாணவர்கள் பிழை செய்வதே இல்லை. பிழை வருவது குற்றியலுகரத்தில். வல்லின மெய்யில் முடியும் எந்தச் சொல்லையும் நாம் ஒரு சின்ன ‘உ’ சேர்த்துத்தான் முடிப்போம். ஜெர்மனில் பல சொற்களுக்குக் கடைசி உயிர் பன்மையின் அடையாளம். ‘ஃப்ராய்ண்ட்’ நண்பர், ‘ஃப்ராய்ண்டெ’ நண்பர்கள். ‘டாக்’ ஒரு நாள், ‘டாகெ’ பல நாட்கள். ‘ஃப்ராய்ண்டு’ என்று நாம் முடித்தால் கேட்பவருக்கு எத்தனை பேர் என்ற குழப்பம். சரிசெய்ய ஒரு வழி: சொல்லின் கடைசி மெய்யில் வாயை நிறுத்தி, மூச்சை மட்டும் விட்டு, தொண்டை அதிர்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது. அதிர்ந்தால் ‘உ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரு புள்ளி வைத்த உயிர்கள் இரண்டு நமக்கு இல்லாதவை. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் ஒன்று வரும். ‘ஏ’ சொல்லிக்கொண்டே ‘ஓ’வுக்குக் குவித்தால் மற்றது. ‘ஏற்கெனவே’ என்ற சொல்லுக்கும் ‘அழகு’ என்ற சொல்லுக்கும் இடையில் இந்த உயிரொலி மட்டுமே வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘ஷோன்’. நோட்டில் தமிழ் எழுத்து வேண்டாம் என்றது இதற்காகத்தான். மேலே நாங்கள் எழுதிய ‘கோல்ன்’கூட அந்த உயிரைக் காட்டவில்லை. ப, ட, க என்று ஒரே எழுத்தில் வல்லொலி மெல்லொலி இரண்டையும் எழுதும் நம் முறையும் அங்கே உதவாது.

மணி கேட்பதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘ஹல்ப் அஹ்ட்’ என்பதில் ‘ஹல்ப்’ அரை, ‘அஹ்ட்’ எட்டு. எட்டரை என்று நம் காது கேட்கும். அது ஏழரை. எட்டை நோக்கி அரை வழி வந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தெற்கிலும் கிழக்கிலும் சில பகுதிகளில் ‘ஃபியர்டல் அஹ்ட்’ என்றால் ஏழேகால், ‘ட்ரைஃபியர்டல் அஹ்ட்’ என்றால் ஏழே முக்கால். டாக்டரிடம் நேரம் வாங்கும்போது ‘ஏழு முப்பதா?’ என்று இலக்கத்தில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது. எண்களும் தலைகீழ்தான்: 24ஐ ‘நாலும் இருபதும்’ என்பார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது முதலில் கேட்ட இலக்கத்தை எழுதிவிட்டால் போச்சு. தினம் ஐந்து நிமிடம் யாரையாவது எண் சொல்லச் சொல்லி எழுதிப் பழகுவது, இலக்கணம் எதையும்விட உடனே பலன் தரும்.

ஆபத்தான இடம் ‘ஆமா’. ‘காசு இல்லையா?’ என்றால் ‘ஆமா’ என்போம். இல்லை என்று ஒத்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் ‘உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லையே?’ என்று எதிர்மறையில் கேட்கும்போது, தமிழ்ப் பழக்கத்தில் ‘யா’ என்று சொன்னால், கேட்டவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. இல்லை என்றால் ‘நைன்’. இருக்கிறது என்றால் ‘டொஹ்’. எதிர்மறைக் கேள்வியை மறுப்பதற்கென்றே உள்ள சொல் இது. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் ‘எனக்கு பெனிசிலின் ஒத்துக்காது’ என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. தலையை ஆட்டுவதை விட்டுவிடுங்கள். நம் தலையாட்டலின் அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது.

செவிலியர்களுக்கு இன்னொன்று. ‘யூபர்கேபன்’ என்றால் ஒப்படைப்பது. ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் அறிக்கைக்கும் இந்த வேரிலிருந்துதான் பெயர். முன்னால் ‘ஸிஹ்’ சேர்ந்தால் வாந்தி எடுப்பது. ஒரு அசை விட்டுப்போனால் ‘நோயாளி வாந்தி எடுத்தார்’ என்பது ‘நோயாளி ஒப்படைத்தார்’ ஆகிவிடும். ‘ந்யூஹ்டர்ன்’ என்பது வெறும் வயிறு. குடிக்காமல் தெளிவாக இருப்பதற்கும் அதே சொல். இவை பொது பி2 பாடத்தில் அவ்வளவாக வருவதில்லை. மருத்துவமனை ஜெர்மனைத் தனியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் செவிலியர் தகுதி அங்கீகாரத்துக்கு பி2 கேட்கிறார்கள். மருத்துவர்களுக்குத் தொழில்மொழித் தேர்வு உண்டு: நோயாளியோடு 20 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் அதை எழுதுவது, 20 நிமிடம் இன்னொரு மருத்துவருக்கு எடுத்துச் சொல்வது. மூன்றாவது பகுதியில் கலைச்சொல் வேண்டும். முதல் பகுதியில் அதே கலைச்சொல்லைப் பயன்படுத்தினால் குறை. நோயாளியிடம் ‘உயர் ரத்த அழுத்தம்’ என்று அவர் மொழியில் கேட்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஐடி ஊழியர்களுக்கு வேறு நோய். அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடுவதால் ஜெர்மன் தேவையில்லை என்று இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிடுகிறார்கள். ஜெர்மனியின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ‘ஆட்சிமொழி ஜெர்மன்’ என்றே தொடங்குகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ‘வோனுங்ஸ்-கேபர்-பெஷ்டேடிகுங்’ வேண்டும். வீடு, கொடுப்பவர், உறுதிச்சான்று என்று பிரித்தால் ஒன்றுமில்லை. அதன் பிறகு தபால் பெட்டி நிறைய ஜெர்மன் கடிதங்கள்தான். படிக்க ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் தடித்த எழுத்தில் உள்ள பொருள் வரி. அடுத்து தேதி, தொகை. பிறகு ‘ஃப்ரிஸ்ட்’, அதாவது கெடு. ‘பிஸ்’ என்றிருந்தால் அந்தத் தேதிக்குள், ‘அப்’ என்றிருந்தால் அந்தத் தேதியிலிருந்து. ‘மானுங்’ என்றால் கட்டாத பணத்துக்கு நினைவூட்டல், கிடப்பில் போடக் கூடாது. ‘பெஷைட்’ என்றால் அரசு அலுவலக முடிவு. அதன் கடைசிப் பத்தியில் எதிர்த்து முறையிடும் வழி இருக்கும், வழக்கமான கெடு ஒரு மாதம். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலியைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. கெடுவையும் தொகையையும் மட்டும் மூலத்தில் சொந்தக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சட்டமும் மொழிக்குச் சலுகை தருகிறது. நீல அட்டை (உயர்தகுதிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி) வைத்திருப்பவர் ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்தில். ஆறு மாதச் சலுகை. குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு வாசமும் பி1ம் வேண்டும். சி1 முடித்து மூன்றே ஆண்டில் குடியுரிமை என்று இன்னும் சில முகவர்கள் சொல்லி வருகிறார்கள். அந்த வழி 2025 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது.

போய் இறங்கியவர்களின் பொதுவான புலம்பல்: ‘நான் ஜெர்மனில் ஆரம்பித்தால் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.’ மாறுவது அவமதிக்க அல்ல, உதவ நினைத்துத்தான். ‘நான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன், ஜெர்மன்லயே பேசலாமா?’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொண்டால் பெரும்பாலும் திரும்பிவிடுவார்கள். புரியவில்லை என்று மொத்தமாகச் சொல்வதும் அவர்களை ஆங்கிலத்துக்குத் தள்ளும். எது புரியவில்லையோ அதை மட்டும் கேளுங்கள்: எந்தப் படிவம்? எந்தத் தேதிக்குள்? எத்தனாவது மாடி? மதியச் சாப்பாட்டு மேசையில் முதல் பத்து நிமிடம் ஜெர்மன் மட்டும் என்று ஒரு சக ஊழியரோடு ஒப்பந்தம் செய்துகொள்வது வகுப்புக்குப் போவதைவிட மலிவு. டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல், இரண்டாம் தடவை பார்த்து, மூன்றாம் தடவை கூடவே வாய்விட்டுச் சொல்லி என்று இருபது நிமிடம் போதும். நகராட்சி நடத்தும் ‘மக்கள் உயர்பள்ளி’ என்ற வயதுவந்தோர் கல்வி மையங்களில் மாலை வகுப்புகள் உண்டு. குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்புப் பாடத்திட்டம் என்றால் பொதுவாக 600 பாடவேளை மொழிக்கும் 100 பாடவேளை நாட்டு நடப்புக்கும்.

1980கள் முதல் அங்கே வேரூன்றிய ஈழத்தமிழர்களை நம்மவர்கள் ஏனோ அணுகுவதில்லை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஜெர்மனை அவர்கள் ‘டொச்’ என்பார்கள். ஆங்கிலத் துணை இல்லாமல் தமிழிலிருந்து நேராக அந்த மொழிக்குப் போனவர்கள் அவர்களில் பலர்; உணவகச் சமையற்கட்டிலும் தொழிற்சாலையிலும் கற்றுக்கொண்டார்கள். முன்கூட்டி வாங்கும் சந்திப்பு நேரத்துக்கு ஜெர்மனில் ‘டெர்மீன்’; ‘டெர்மீன் எடுத்தனீங்களோ?’ என்று தமிழுக்குள்ளேயே அந்தச் சொல் இறங்கிவிட்டது. எந்த அலுவலகத்தில் எந்தச் சொல் சொன்னால் வேலை நடக்கும் என்பதை அந்த அக்காமார், அண்ணாமாரிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும். வீட்டில் பிள்ளைகளிடம் தமிழையே பேசுங்கள் என்றும் சொல்வார்கள். மழலையர் பள்ளியில் பிள்ளை நல்ல ஜெர்மனைப் பிடித்துக்கொள்ளும். பெற்றோரின் அரைகுறை ஜெர்மன் அதற்குத் தேவையில்லை.

எதிர்த்திசையில் வந்தவர் ஒருவரும் நினைவுக்கு வருகிறார். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். 1716ல் ஹாலே நகரில் அச்சான அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டது. வேற்றுமைகளை விளக்க, வேற்றுமை உள்ள ஒரு மொழி அவர் கையில் இருந்தது. நம் கையிலும் இருக்கிறது.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. கோத்தே பி1 நான்கு தனிப் பகுதிகள்: வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 60, பேச்சு சுமார் 15. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். கேட்டலில் நான்கு துண்டுகள், முதலும் கடைசியும் இரண்டு முறை ஒலிக்கும், நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறை. இதை அறியாமல் ‘இன்னொரு தடவை வரும்’ என்று காத்திருந்து கோட்டைவிடுபவர்கள் உண்டு. எழுத்தில் 80, 80, 40 சொற்களில் மூன்று கேள்விகள். மூன்றாவது முறையான கடிதம், ‘ஸீ’ என்ற மரியாதை வடிவில். முதலாவது நண்பருக்கு, ‘டூ’வில். நீ, நீங்க வித்தியாசம் தெரிந்த நாம் இதை மாற்றிப் போடவே கூடாது. அவசரத்தில் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலப்பவர்களுக்குத்தான் மதிப்பெண் போகிறது. பேச்சுப் பகுதியில் பயிற்சி மையம் கொடுத்த உரையை ஒப்பிப்பதோடு முடிவதில்லை. கூட இருக்கும் தேர்வரும் தேர்வாளரும் கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் அங்கேதான் வாயடைத்துப் போகிறார்.

ஆகவே பணம் கட்டும் முன் பயிற்சி மையத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பி1 வரை மொத்தம் எத்தனை பாடவேளை, எழுத்தில் தருவீர்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொரு மாணவரும் வாய் திறந்து பேச எத்தனை நிமிடம் கிடைக்கும்? ‘எனக்குக் குளிருது’ என்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் ஆங்கில வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தால், இன்னொரு மையத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.